கல்லீரலுக்கு ஞாயிறு விடுமுறை

திருப்பூரில் நோயாளிகள் மிகவும் பத்திரமாக இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடலாம். சேர்மன் ஆஸ்பத்திரி. வாசலில் அதற்கு இரண்டு வரி நீளத்தில் வேறொரு பெயர் இருக்கிறது, யாரும் அதை முழுக்கப் படித்ததில்லை. பனியன் ஏற்றுமதி செய்த ஒருவர் கட்டியதால் ஊர் அப்படிக் கூப்பிடுகிறது. அங்கே நோயாளிகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்பதற்கு வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள் தொங்குகின்றன. வேறு ஆதாரம் இதுவரை தேவைப்பட்டதில்லை.

சேர்மன் தொழில் தெரிந்தவர். திறப்பு விழாவிலேயே மனம் திறந்து பேசினார். "பனியன்ல ஒரு ஓட்டை இருந்தா வெளிநாட்டு பையர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிருவானுங்க. பேஷண்டுல ஓட்டை இருந்தா யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க, எடுத்துட்டுப் போயிருவாங்க. இந்தத் தொழில்ல இருக்கற சௌரியமே அதுதானுங்க. ஆனா அதுக்காகத் தரத்தை விட்டுரலாமுங்களா?" என்றார். கூட்டம் கைதட்டியது.

தரத்தை விடவில்லை. போன கோடையில் 'கல்லீரல் பாதுகாப்பு வாரம்' கொண்டாடினார்கள். வாசலில் கல்லீரல் வடிவத்தில் கோலப் போட்டி. நர்சுகளுக்குக் கல்லீரல் நிறத்தில் சேலை. செக்யூரிட்டி ஒருவருக்குப் பஞ்சு அடைத்த கல்லீரல் உடுப்பை மாட்டி, வருகிறவர்களோடு நின்று போட்டோ எடுக்கச் சொன்னார்கள். மத்தியான வெயிலில் அவர் மயங்கி விழுந்தார். உடனே உள்ளே தூக்கிப்போய் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அந்த வாரத்தில் அந்த ஆஸ்பத்திரி கவனித்த ஒரே கல்லீரல் அதுதான்.

இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் முத்தாயி வந்தாள். அனுப்பர்பாளையத்துக்காரி. கல்யாணமான நாளிலிருந்து பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கணவர் பழனிமுத்து பாத்திரப் பட்டறையில் பாலீஷ் போடுகிறவர். கொஞ்ச காலமாகக் காலையில் எழுந்தால் அவளுக்கு விரல்கள் மடங்கவில்லை, மடங்கினால் நிமிரவில்லை. ஜாக்கெட்டுக்கு ஹூக் மாட்டப் புருஷனைக் கூப்பிட வேண்டியிருந்தது. அதைக்கூடச் சிரித்துக்கொண்டு சமாளித்தாள். மெஷினில் துணியைப் பிடித்து ஓட்ட முடியாமல் போனதுதான் அவளை அழ வைத்தது.

டாக்டர் தரணீதரன் வியாழக்கிழமைகளில் கோயமுத்தூரிலிருந்து வருகிறவர். கெட்டவர் அல்ல. விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார், அவள் கத்திய இடங்களில் தலையாட்டிக்கொண்டார். முடக்குவாதம் என்றார். அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை, வாரத்துக்கு ஒரே ஒரு நாள். சரியான மருந்து, சரியான அளவு. அதைச் சரியாக இங்கிலீஷில் கம்ப்யூட்டருக்கும் சொன்னார். முத்தாயிக்குச் சொல்லவில்லை. நோயாளிக்குச் சொல்வது மருந்துக் கவுண்டரின் பொறுப்பு என்று விதி இருந்தது. முதலில் ரத்தம் எடுத்துக் கல்லீரலைப் பார்த்துவிட வேண்டும் என்றும் எழுதினார். லேபில் சான்றிதழ் ஆடிட்டுக்காகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், காய்ந்த பிறகு வரச் சொன்னார்கள். மருந்துக் கவுண்டரில் பெயிண்ட் அடிக்கவில்லை.

அந்தக் கவுண்டரில் ஓடும் சாப்ட்வேர் சேர்மனின் பனியன் கம்பெனியில் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது. நல்ல ஓட்டத்தில் இருந்த சாப்ட்வேரை வீணாக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு 'வாரம்' என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். வாரம் என்றால் திங்கள் முதல் சனி. டாக்டர் 'வாரம், ஒன்று' என்று தட்டியதும் அது தனக்குத் தெரிந்த முறையில் ஸ்டிக்கரை அடித்துக் கொடுத்தது.

திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்று. ஞாயிறு விடுமுறை.

கவுண்டர் பெண் அதை மாத்திரைக் கவரில் கோணாமல் ஒட்டினாள். பஸ் ஸ்டாப்பில் நின்று முத்தாயி அதைப் படித்தாள்.

"ஏனுங்க மாமா, மாத்தரைக்குமே லீவு உடறாங்களாட்ட இருக்குதுங்க" என்றாள்.

"சேர்மன் கம்பெனியாச்சே புள்ள. லீவெல்லாம் கரெக்டாக் குடுத்துருவாங்க" என்றார் பழனிமுத்து.

கூடக் கொடுத்த வலி மாத்திரையில் விரல்கள் கொஞ்சம் மடங்கின. முத்தாயிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஸ்டிக்கர் மாத்திரையை ஒரு வேளை தவறவிடாமல் விழுங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை விட்டாள்.

அப்போதுதான் சண்முகப்பிரியாவிடமிருந்து போன் வந்தது. சண்முகப்பிரியா அந்த ஆஸ்பத்திரியின் நோயாளி பாதுகாப்பு அதிகாரி. நோயாளிகளைப் பார்ப்பது அவள் வேலையில்லை என்பதால் இதுவரை முத்தாயியைப் பார்த்ததில்லை.

"முத்தாயி அக்கா, உங்களை மாடல் பேஷண்டா செலக்ட் பண்ணியிருக்கோம். அடுத்த வாரம் நமக்கு ஆடிட்" என்றாள்.

"எந்தக் கன்ட்ரிங்க கண்ணு?" என்று கேட்டாள் முத்தாயி.

"டெல்லிங்க்கா."

"அப்ப ஈசிதானுங்க. வெள்ளக்காரங்கதான் பாத்ரூம் வரைக்கும் போயிப் பாப்பாங்க. என்ன சொல்லோணுமுன்னு மட்டும் சொல்லிக் குடுத்துருங்க, நாஞ் சொல்லிப்போடறேன்."

போனின் மறுபக்கத்தில் சண்முகப்பிரியாவுக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். மற்ற நோயாளிகள் எதற்கு, ஏன் என்று கேள்வி கேட்டு உயிரை வாங்குவார்கள். இப்படி ஒருத்தி கிடைப்பது அபூர்வம்.

ஆடிட் என்றால் எங்கள் ஊரில் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். ஆடிட் அன்று பூட்டியிருந்த பின்கதவு திறந்திருக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு முளைத்திருக்கும். எல்லோர் மூக்கிலும் மாஸ்க் ஏறியிருக்கும். 'எத்தனை மணி நேரம் வேலை?' என்றால் 'எட்டு மணி நேரமுங்க.' 'மாஸ்க் எதற்கு?' என்றால் 'பஞ்சுத் தூசி நுரையீரலுக்குப் போனா ஆபத்துங்க.' எல்லாம் தெளிவாக, காரண காரியத்தோடு வரும். ஆடிட்டர் காரில் ஏறியதும் மாஸ்க்கைக் கழற்றி எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். முத்தாயி இருபது வருஷமாக இந்தப் பதில்களைச் சொல்லித் தேர்ந்தவள். ஆடிட்டர்களுக்கென்று வேறொரு உலகம் இருக்கிறது, அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது, கேட்டால் அந்த உலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் கண்டது. ஆடிட்டுக்குச் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்கிற பைத்தியக்காரர் யாரையும் அவள் பார்த்ததில்லை.

ஒத்திகை ஆஸ்பத்திரிக் கான்பரன்ஸ் ஹாலில் நடந்தது. ஏசி, காபி, பிஸ்கட். சண்முகப்பிரியா முதல் கேள்வியைக் கேட்டாள்.

"மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செஞ்சாங்களா?"

"இல்லீங்களே கண்ணு. பெயிண்ட் காயலைன்னு தாட்டி உட்டுட்டாங்களே."

"அதான்க்கா, 'செஞ்சாங்க, எல்லாம் நார்மல்'னு சொல்லணும்."

"ஓ. செரீங்க, செரீங்க" என்றாள் முத்தாயி. எந்த ரகக் கேள்விகள் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"அடுத்தது. மாத்திரையை எப்படிச் சாப்பிடறீங்க? இதுக்கு, 'வாரத்துக்கு ஒரே நாள், வியாழக்கிழமை மட்டும்'னு சொல்லணும்."

இந்த முறை முத்தாயி எதுவும் கேட்கவில்லை. இதுவும் அந்த ரகம்தான். ஸ்டிக்கரில் வேறு மாதிரி இருக்கிறதே என்று சொல்லிச் சின்னப் பெண்ணைச் சங்கடப்படுத்த அவளுக்கு மனமில்லை. "வாரத்துக்கு ஒரே நாளுங்க. வியாழக்கெழமை மட்டுமுங்க" என்று கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"தினமும் சாப்பிட்டா என்ன ஆகும்?"

"தெனமும் தின்னா கல்லீரல் கெட்டுப்போகும், ரத்தத்துல அணுக்கள் கொறஞ்சுபோகும், உசுருக்கே ஆபத்துங்க."

"சூப்பர்க்கா!"

ஆக, அந்த ஆஸ்பத்திரி அவளுக்கு மருந்தின் அளவைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. சொல்லிக் கொடுத்தது. பிஸ்கட் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தது. திரும்பத் திரும்ப, பிழையில்லாமல் வரும்வரை சொல்லிக் கொடுத்தது. அவளும் அதை நல்ல பொய் என்று நம்பி மனப்பாடம் செய்தாள். மறுநாள் காலை இட்லி தின்றுவிட்டு, ஸ்டிக்கரைப் பார்த்து மாத்திரையை விழுங்கினாள்.

கடைசி ஒத்திகையின்போது அவளால் காபி குடிக்க முடியவில்லை.

"வாயெல்லாம் வெந்து புண்ணாக் கெடக்குதுங்க கண்ணு. எச்சில் முழுங்கறதுக்கே உசுரு போகுது."

"அச்சச்சோ" என்றாள் சண்முகப்பிரியா. உண்மையாகவே வருத்தப்பட்டாள். "அன்னிக்கு மட்டும் வாயை ரொம்பத் திறக்காமச் சிரிங்க்கா. வீடியோ வேற எடுக்கறோம்." கைப்பையிலிருந்து தன்னுடைய லிப் பாமை எடுத்துக் கொடுத்தாள். அந்த ஆஸ்பத்திரி முத்தாயிக்குச் செய்த முதல் சிகிச்சை அதுதான்.

ஆடிட் பிரமாதமாக நடந்தது. டெல்லிக்காரர் கேட்டதை ஒருவர் தமிழில் சொல்ல, முத்தாயி ஒன்று விடாமல் ஒப்பித்தாள். 'தெனமும் தின்னா உசுருக்கே ஆபத்துங்க' என்ற இடத்தில் தானாகவே கையை ஆட்டிக் காட்டினாள். டெல்லிக்காரர் எழுந்து நின்று கைகொடுத்தார். வீங்கியிருந்த விரல்களைப் பிடித்து அவர் குலுக்கியபோதும் அவள் முகம் சுளிக்கவில்லை. நாட்டிலேயே இப்படி விவரம் தெரிந்த நோயாளியைப் பார்த்ததில்லை என்றார். சேர்மன் மேடையேறி, "விழிப்புணர்வுங்கறது வேற ஒண்ணுமில்லீங்க, கேட்டாச் சொல்லோணும். அவ்வளவுதான்" என்று விளக்கினார். சுவரில் இன்னொரு கண்ணாடி ஏறியது.

அந்த வாரக் கடைசியில் முத்தாயிக்குக் குளிர் ஜுரம் கண்டது. பல் விளக்கினால் ரத்தம் நிற்கவில்லை. பழனிமுத்து ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார். மாடல் பேஷண்ட் என்பதால் தனி அறை கொடுத்தார்கள். வியாழக்கிழமை தரணீதரன் வந்தார். சண்முகப்பிரியா கூடவே நின்றாள்.

"அந்த மாத்திரையை எப்படிம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். முத்தாயி அவரைப் பார்த்தாள். கழுத்தில் பட்டையும் கையில் அட்டையுமாக நின்ற சண்முகப்பிரியாவைப் பார்த்தாள். ஆடிட் இன்னும் முடியவில்லை என்று புரிந்துகொண்டாள்.

"வாரத்துக்கு ஒரே நாளுங்க. வியாழக்கெழமை மட்டுமுங்க" என்றாள், புண் வாயால் தெளிவாக.

சண்முகப்பிரியா பெருமையோடு தலையாட்டினாள். டாக்டர் நிம்மதியானார். அப்படியானால் மாத்திரையால் இல்லை. டெங்குவுக்குப் பார்த்தார்கள். எலிக்காய்ச்சலுக்குப் பார்த்தார்கள். இப்போது லேபில் பெயிண்ட் காய்ந்திருந்ததால் கல்லீரலையும் பார்த்தார்கள். எண்கள் எகிறிக் கிடந்தன. வெள்ளணுக்களைத் தேட வேண்டியிருந்தது. நாட்டு மருந்து ஏதாவது தின்றாளா என்று பழனிமுத்துவைத் துருவினார்கள். இல்லை என்றார். நீ குடிப்பாயா என்றார்கள். சம்பளத்தன்று கொஞ்சம் குடிப்பேன் என்று உண்மையைச் சொன்னார். உடனே அவரை ஆலோசகர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருவர் மதுவால் அழுகிய கல்லீரல்களின் படங்களைக் காட்டி, "குடும்பத்துல ஒருத்தர் குடிச்சா எல்லாருக்கும்தாங்க பாதிப்பு" என்றார். தான் குடித்தது எந்த வழியாக அவள் கல்லீரலுக்குப் போனது என்று பழனிமுத்துவுக்குப் புரியவில்லை. ஆனால் அவளை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு வந்திருந்ததால், எப்படியோ போயிருக்கும் என்று நம்பி அழுதார். இனிமேல் தொடுவதில்லை என்று முருகன் மேல் சத்தியம் செய்தார்.

இதற்கிடையில் நர்ஸ் தன் கடமையைச் செய்தாள். கம்ப்யூட்டரில் இருந்ததைப் பார்த்து, திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்று. முத்தாயியால் விழுங்க முடியாததால் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊட்டினாள். நல்ல பெண்தான்.

அறையில் ஒரு டிவி இருந்தது. அதில் ஆஸ்பத்திரியின் விளம்பரப் படங்கள் மட்டும் ஓடும். ஒரு காலையில் நர்ஸ் மாத்திரையைக் கரைத்துக்கொண்டிருந்தபோது டிவியில் முத்தாயி வந்தாள். 'வாரத்துக்கு ஒரே நாளுங்க' என்று வாயைத் திறக்காமல் சிரித்தாள். கட்டிலில் கிடந்தவளுக்கும் டிவியில் இருந்தவளுக்கும் ஒரே சேலை. பழனிமுத்து சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"ஏனுங்கம்மிணி, அதெ நெசமாலுமே வாரத்துக்கு ஒருக்காத்தான் திங்கோணுமாட்ட இருக்குதுங்களா?"

"ஆமாங்க. தினமும் சாப்பிட்டா செத்துருவாங்க" என்றாள் நர்ஸ், கரைத்துக்கொண்டே.

"அப்பறம் எதுக்குங்க நேத்தும் குடுத்தீங்க?"

ஸ்பூன் நின்றது.

அதன் பிறகு எல்லோரும் ஓடினார்கள். தரணீதரன் கோயமுத்தூரிலிருந்து விழுந்தடித்து வந்தார். அந்த மாத்திரையின் விஷத்தை முறிக்க மாற்று ஊசி ஒன்று உண்டு, அது அங்கே இல்லை, வரவழைத்தார்கள். ஊசி வந்தபோது முத்தாயியின் கண்கள் மஞ்சளாக இருந்தன. அறையைவிட்டு எல்லோரும் வெளியே போன கொஞ்ச நேரத்தில் பழனிமுத்து அவள் பக்கத்தில் குனிந்தார்.

"புள்ள, அது நெசமாமா. வாரத்துக்கு ஒருக்காத்தானாமா."

"எதுங்க மாமா?"

"நீ டிவில சொல்றயே, அது."

முத்தாயி மஞ்சள் கண்களை அவர் பக்கம் திருப்பினாள்.

"அப்ப ரத்தம் எடுத்ததுங்க?"

"அது பொய்யி. எடுக்கவே இல்லியே."

"ரெண்டையும் கலந்து சொல்லிக் குடுத்தா நம்மளுக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றாள். யார் மேலும் கோபமில்லாமல், சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். மறுநாள் அவள் இறந்துபோனாள்.

இறந்தால் ஆய்வுக் குழு கூட வேண்டும் என்று சான்றிதழ் விதி. காரியம் முடிந்த கையோடு பழனிமுத்துவையும் அழைத்து மொட்டைத் தலையோடு கான்பரன்ஸ் ஹாலில் உட்கார வைத்தார்கள். காபி, பிஸ்கட். சேர்மன் தொடங்கி வைத்தார்.

"யார் மேல தப்புன்னு தேடறதுக்கு இந்தக் கமிட்டி இல்லீங்க. யாரும் தேடாம இருக்கறதுக்குத்தான் கமிட்டியே. எல்லாரும் மனசு விட்டுப் பேசுங்க."

"நான் வீக்லின்னுதான் தட்டினேன்" என்றார் தரணீதரன். அது உண்மை.

"நோயாளிக்கு விழிப்புணர்வு நூத்துக்கு நூறு சார், வீடியோவே இருக்கு" என்றாள் சண்முகப்பிரியா. "இவ்வளவு தெரிஞ்சும் தினமும் சாப்பிட்டிருக்காங்கன்னா அதை நோயாளியோட ஒத்துழையாமைன்னுதான் எடுத்துக்கணும்."

"கவர்ல அப்பிடித்தானுங்க ஒட்டியிருந்துச்சு" என்றார் பழனிமுத்து. "இங்க படுத்திருந்தப்ப உங்க நர்ஸம்மாவும் அதெப் பாத்துத்தானுங்க குடுத்துச்சு."

"நர்ஸ் பாத்துக் குடுத்தது ஒத்துழைப்புங்க. அது வேற" என்று சண்முகப்பிரியா பொறுமையாக விளக்கினாள்.

கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சாப்ட்வேர். அதை ஆராய்ந்த கம்ப்யூட்டர்காரர் எழுந்து, இந்த சாப்ட்வேரில் வாரம் தவறாக இருக்கிறது, ஒரு வாரத்துக்கு ஆறு நாள்தான் இருக்கிறது, ஏழாவது நாளைக் காணோம் என்றார். ஹாலில் அதிர்ச்சி பரவியது. இத்தனை காலம் ஆறு நாள் வாரத்தை வைத்துக்கொண்டா ஆஸ்பத்திரி நடத்தினோம் என்று சேர்மனே கலங்கிவிட்டார்.

"ஞாயித்துக்கெழமை லீவுங்கறது லேபருக்குங்க. நோய்க்கு ஏதுங்க லீவு? இப்பவே சரி பண்ணுங்க" என்றார்.

மருத்துவ ரீதியாக வாரத்துக்கு ஏழு நாள் என்பது சரிதானா என்று டாக்டரைக் கேட்டார்கள். சரிதான் என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்தபடி. வெளியே நிறைய நோயாளிகள் காத்திருந்தார்கள். அங்கேயே சரிசெய்து, அங்கேயே கைதட்டி, மறைந்த முத்தாயி அம்மாளுக்கு எழுந்து நின்று மௌனம் காத்தார்கள்.

பழனிமுத்து படியிறங்கி வரவேற்பறைக்கு வந்தார். பெரிய டிவியில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். அடுத்த ஆடிட் வரைக்கும் ஓட வேண்டும் என்றார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கிய குல்சார் பேகம் என்ற அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏதோ கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர், விரல்கள் முண்டுமுண்டாக வீங்கியிருந்தன. டிவியைப் பார்த்து உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் புது மாத்திரைக் கவர்.

"ஏனுங்கண்ணா, இதெ அப்பிடியே மனப்பாடம் பண்ணோணுமுங்களா? எப்பங்க ஆடிட்டு?" என்று கேட்டார்.

பழனிமுத்து அவர் மடியைப் பார்த்தார். திங்கள் முதல் ஞாயிறு வரை, காலை ஒன்று.

"அய்யோ, அது நெசமுங்க!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். "மனப்பாடம் பண்ணாதீங்கம்மா! வாரத்துக்கு ஒருக்காத்தானுங்க! தெனமும் தின்னா உசுருக்கே ஆபத்துங்க! நெசமுங்க, சாமி சத்தியமா நெசமுங்க!"

கவரைப் பிடுங்கப் போனவரை செக்யூரிட்டிகள் இருவர் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டுபோனார்கள். வாசல் வரைக்கும் அவர் அதையே சொல்லிக்கொண்டு போனார். அவரையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்த குல்சார் பேகம், கவரைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னார்.

"எவ்வளவு நல்லாப் பழக்கி உட்டிருக்காங்க பாருங்க. டிவில அந்தம்மா சொல்றதெ ஒரு வார்த்தை மாறாம அப்பிடியே சொல்றாரு. அழுகை கூட நெசமாட்டவே இருக்குதுங்க."